மோனேயின் 'வசந்தகாலம்': லைலாக் நிழலில் ஒரு பெண் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாட் மோனே 1872இல் வரைந்த 'வசந்தகாலம்' என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தைப் பற்றிய கேள்வி பதில்கள் இவை. 'வாசிக்கும் பெண்' என்றும் இந்த ஓவியத்தைக் குறிப்பிடுவார்கள். அல்லிக் குளங்களை வரைந்தவர் என்ற அளவில் மட்டும் மோனேயை அறிந்தவர்கள், அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்க்க வேண்டுமானால் இங்கிருந்து தொடங்கலாம். மோனேயின் புகழ்பெற்ற பல படைப்புகளைவிட எனக்கு இது நெருக்கமானது.

ஓவியத்தில் இருப்பது என்ன?

ஒரு தோட்டம். லைலாக் என்ற பூப்புதரின் கிளைகள் கூரை போலக் கவிந்திருக்கின்றன. அவற்றின் கீழே புல்லில் ஓர் இளம்பெண் அமர்ந்து, மடியில் விரித்த புத்தகத்தைத் தலைகுனிந்து படித்துக்கொண்டிருக்கிறாள். வெளிர் இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த அவளுடைய மெல்லிய துணிப் பாவாடை சுற்றிலும் அகலமாக விரிந்து புல்லை மூடியிருக்கிறது. வானம் தெரியவில்லை. பாதை, வேலி, வீடு எதுவும் இல்லை. கண் போகும் இடமெல்லாம் இலையும் புல்லும்தான். வெயில் மட்டும் கிளைகளின் இடுக்குகளில் புகுந்து, உடையிலும் தரையிலும் துண்டு துண்டாக விழுந்திருக்கிறது.

அளவில் சிறிய ஓவியம்: உயரம் 50 சென்டிமீட்டர், அகலம் 65.5 சென்டிமீட்டர். அச்சுப் படங்களில் மட்டுமே பார்த்தவர்கள் இதைப் பெரிய ஓவியம் என்று நினைத்துவிடுவதுண்டு. ஒரு மனிதர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கக்கூடிய அளவுதான்.

யார் அந்தப் பெண்?

கமீல் தோன்சியூ, மோனேயின் மனைவி. 1847இல் லியோன் நகரில் பிறந்தவர். பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே மோனேயின் ஓவியங்களுக்காக அமரத் தொடங்கிவிட்டார். 1866இல் பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோனில் மோனேக்கு முதன்முதலாகப் பரவலான பாராட்டைப் பெற்றுத் தந்த 'பச்சை உடைப் பெண்' கமீல்தான். அந்த ஓவியத்துக்கு அவருடைய பெயரையே இட்டிருந்தார் மோனே. இப்போது அது ஜெர்மனியின் பிரேமன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவர்களுடைய மூத்த மகன் ழான் 1867 ஆகஸ்டில் பிறந்தான். அப்போது கையில் காசில்லை; மோனேயின் குடும்பத்தாருக்கும் இந்த உறவில் சம்மதம் இல்லை. 1870 ஜூன் 28 அன்றுதான் முறைப்படி திருமணம் நடந்தது. மூன்றே வாரங்களில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. குடும்பம் லண்டனில் அடைக்கலம் தேடியது. பிறகு ஹாலந்தில் சில மாதங்கள். 1871 இறுதியில் நாடு திரும்பி, பாரிஸுக்கு அருகே ஒரு வாடகை வீட்டில் குடியேறினார்கள். அந்த வீட்டுத் தோட்டத்தில் வந்த முதல் வசந்தத்தின் ஓவியம் இது.

இந்தப் பின்னணி தெரிந்த பிறகு ஓவியத்தைப் பார்த்தால், அதிலிருக்கும் அமைதியின் கனம் கூடிவிடுகிறது. ஐந்தாறு ஆண்டுகள் கடன், இடம்பெயர்வு, போர் என்று அலைந்த ஒரு பெண்ணுக்கு உட்கார்ந்து படிக்க ஒரு நிழல் கிடைத்திருக்கிறது.

கமீல் 1879 செப்டம்பர் 5 அன்று, 32 வயதில், நீண்ட நோய்க்குப் பின் வெத்தேய் கிராமத்தில் இறந்தார். இறந்த மனைவியின் முகத்தையும் மோனே வரைந்தார். அந்த ஓவியம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்த முகத்தில் சாவு கொண்டுவந்த நீலம், மஞ்சள், சாம்பல் நிறங்களைத் தன் கண்கள் தாமாகவே தேடிக்கொண்டிருந்ததை, பல ஆண்டுகளுக்குப் பிறகு நண்பரும் பிரெஞ்சு அரசியல் தலைவருமான கிளமான்சோவிடம் அவர் வேதனையோடு சொல்லியிருக்கிறார்.

எந்த ஊர்?

அர்ஜான்தேய். சேன் நதிக்கரையில், பாரிஸின் வடமேற்கே இருக்கும் ஊர். சாந்-லசார் நிலையத்தில் ரயில் ஏறினால் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளில் படகுப் போட்டி பார்க்கப் பாரிஸ் மக்கள் இங்கே வந்து குவிவார்கள். ஒரு பக்கம் திராட்சைத் தோட்டங்கள், மறுபக்கம் புதிதாக எழுந்த ஆலைகள். மோனே 1878 தொடக்கம் வரை இங்கே இருந்தார். கணத்துக்குக் கணம் மாறும் வெளிச்சத்தைப் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிச ஓவியங்கள் என்று நாம் இன்று கொண்டாடுவனவற்றில் பெரும் பங்கு இந்த ஊரிலும் இதன் ஆற்றங்கரையிலும் பிறந்தவை.

1872 மோனேக்கு நல்ல ஆண்டு. லண்டனில் அறிமுகமான ஓவிய வணிகர் போல் துரான்-ருவெல் அவருடைய ஓவியங்களைக் கொத்துக் கொத்தாக வாங்கத் தொடங்கினார். அந்த ஆண்டு 12,000 பிராங்குக்கு மேல் வருமானம் வந்ததை மோனேயின் கணக்கேடு காட்டுகிறது. தோட்டம் வைத்த வீடு அதனால்தான் சாத்தியமானது.

பாவாடையின் மீது தெரியும் வெள்ளைத் திட்டுகள் என்ன?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். உடையின் பூ வேலைப்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். உதிர்ந்த பூவிதழ்கள் என்று சிலர். இரண்டும் இல்லை. இலைகளுக்கிடையே நுழைந்து விழுந்த வெயில் துண்டுகள் அவை.

மரத்தடியில் விழும் வெயிலைக் கவனித்திருப்பீர்கள். இலைகளின் இடைவெளிகள் கோணல்மாணலாக இருந்தாலும், தரையில் விழும் ஒளிப் பொட்டுகளில் பல வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். ஒவ்வொரு சிறு இடைவெளியும் ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்து, சூரியனின் உருவத்தையே தரையில் வீழ்த்துகிறது. சூரிய கிரகணத்தன்று அதே பொட்டுகள் பிறை பிறையாக மாறுவது இதனால்தான். இடைவெளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்தத் தொலைவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் பொட்டின் அகலம். மூன்று மீட்டர் உயரத்துக் கிளை என்றால் மூன்று சென்டிமீட்டர் பொட்டு. இடைவெளி பெரிதாகவும் தாழ்வாகவும் இருந்தால் வட்டம் கலைந்து, இடைவெளியின் கிழிந்த வடிவமே தரையில் விழும். லைலாக் பெரிய மரம் இல்லை. ஆளுயரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வளரும் புதர்ச்செடி. ஆகவே அதன் கீழே இரண்டு வகைத் திட்டுகளும் கலந்தே கிடக்கும். ஓவியத்திலும் அப்படித்தான் கிடக்கின்றன. சில திட்டுகள் உருண்டை, சில ஒழுங்கற்றவை.

அவற்றை வரைந்த முறையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மோனே உடையை முழுதாக வரைந்து முடித்து, அதன் மேல் வெளிச்சத்தை மெல்லப் பூசிக் கலந்துவிடவில்லை. கெட்டியான வெளிர் வண்ணத்தைத் தூரிகையில் எடுத்து, ஒவ்வொரு திட்டையும் தனித்தனியாக ஒற்றி வைத்திருக்கிறார். பக்கத்து நிறத்தோடு தேய்த்து இணைக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் துணி மறைந்துபோய், வெறும் வண்ணக் கட்டிகள்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. இரண்டடி பின்வாங்கினால் மெல்லிய துணியும், அதற்குள் இருக்கும் முழங்காலின் வளைவும், வெயிலின் சூடும்கூட வந்துவிடுகின்றன. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

இன்னொன்று. வெயில் திட்டுகள் நிற்பதில்லை. சூரியன் மணிக்குப் பதினைந்து பாகை நகர்கிறது. மூன்று மீட்டர் உயரக் கிளையிலிருந்து விழும் பொட்டு, பத்து நிமிடத்தில் அரைச் சாண் தள்ளிப் போயிருக்கும். காற்றடித்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே பாவாடையில் நாம் பார்க்கும் திட்டுகள் எல்லாம் ஒரே நொடியில் அங்கே இருந்தவை என்று கொள்ள முடியாது. எது எங்கே விழுந்தால் அந்த நிழலின் உண்மை வரும் என்று மோனே தேர்ந்தெடுத்து வைத்தவை அவை.

நிழல் ஏன் கறுப்பாக இல்லை?

உண்மையில் நிழல் கறுப்பு இல்லை என்பதால்தான். மர நிழலுக்குள் நேர் வெயில் வராது. ஆனால் திறந்த வானத்தின் நீல ஒளி பக்கவாட்டில் வரும், இலைகளில் பட்டும் ஊடுருவியும் பச்சை ஒளி வரும், புல்லில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேரும். வெளிர்நிறத் துணி இவை அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். கமீலின் உடை மடிப்புகளில் ஊதாவும் நீலமும் பச்சையும் ஓடுவது அதனால்தான்.

அன்றைய ஓவியப் பள்ளிகளில், நிழலைப் பழுப்பிலும் கறுப்பிலும் தொடங்கி, படிப்படியாக வெளிச்சத்துக்கு ஏறக் கற்றுக்கொடுத்தார்கள். மோனேயும் நண்பர்களும் வெளிர்நிற அடிப்பூச்சின் மீது நேரடியாக நிறங்களை வைத்தார்கள். அதற்கு வேதியியலும் துணை நின்றது. கோபால்ட் நீலம், செயற்கை அல்ட்ராமரின், 1859இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற விரிடியன் பச்சை எனப் பளிச்சென்ற புதிய நிறமிகள் அந்த நூற்றாண்டில் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தைக்கு வந்தன.

பாரிஸின் கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்த வேதியியலாளர் ஷெவ்ரலின் பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு நிறம் பக்கத்தில் இருக்கும் நிறத்தால் வேறாகத் தெரிகிறது என்பதை 1839இல் அவர் விரிவாக நூலாக்கினார். பச்சையின் நடுவே வைத்த இளஞ்சிவப்பு தனியாக இருப்பதைவிட அதிகம் சிவக்கும். 'வசந்தகால'த்தில் அந்த வெளிறிய உடை ஏன் இப்படி ஒளிர்கிறது என்பதற்குப் பாதி விடை இது.

முகம் ஏன் தெளிவில்லாமல் இருக்கிறது? பாதியில் விட்டுவிட்டாரா?

இல்லை, ஓவியம் முடிந்திருக்கிறது. நிழலில் குனிந்த ஒரு முகத்தைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவே வரைந்திருக்கிறார். இமைமுடியை எண்ண முடியாத தொலைவு அது.

அன்றைய பார்வையாளர்களுக்கு இது பெரிய குறையாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவர்கள் பழகியது வேறு. 1863 சலோனில் அலெக்சாந்தர் கபனேலின் 'வீனஸின் பிறப்பு' வைக்கப்பட்டது. கடலலையின் மீது நிர்வாணமாகப் படுத்திருக்கும் தேவதை. தூரிகைத் தடமே தெரியாத, பீங்கான் வழவழப்பு. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அதை விலை கொடுத்து வாங்கினார். இயற்கையின் மடியில் இளைப்பாறும் பெண் என்றால் அரசும் சலோனும் விரும்பியது அந்த மாதிரியை. அந்த ரசனைக்குப் பழகிய கண்ணுக்கு, கமீலின் முகம் துடைத்துவிட்டது போலத்தான் தெரிந்திருக்கும்.

என் பார்வையில், முகத்தைத் தெளிவாக வரைந்திருந்தால் இந்த ஓவியம் கெட்டிருக்கும். கண் நேராக முகத்துக்குப் போய் அங்கேயே நின்றிருக்கும். இப்போது அது உடை, புல், இலை என்று அலைந்துகொண்டே இருக்கிறது.

தோட்டத்திலேயே அமர்ந்து வரைந்தாரா?

மோனே வெளியில் அமர்ந்து வரைவதில் பிடிவாதம் உள்ளவர். 1866இல் 'தோட்டத்தில் பெண்கள்' என்ற இரண்டரை மீட்டர் உயர ஓவியத்தை வெளியிலேயே வரைய வேண்டும் என்று, மண்ணில் பள்ளம் வெட்டி, கப்பி வைத்து கித்தானை மேலும் கீழும் இறக்கி ஏற்றினார். மேல் பகுதியை வரைய ஏணி தேவைப்படக் கூடாது, பார்க்கும் கோணமும் மாறக் கூடாது என்பது நோக்கம். அந்த ஓவியத்துக்கும் கமீல் அமர்ந்தார். 1867 சலோன் அதை நிராகரித்தது. நண்பரான ஓவியர் பசீல் 2,500 பிராங்குக்கு வாங்கி, மாதம் 50 பிராங்காகத் தவணை கட்டினார். 1921இல் பிரெஞ்சு அரசு அதற்கு 2,00,000 பிராங்கு கொடுத்தது.

இப்படிப் பாடுபட்ட பிறகு சிறிய கித்தான்களுக்கு அவர் வந்தது இயல்பு. 65க்கு 50 சென்டிமீட்டர் என்பது பிரெஞ்சுக் கடைகளில் 15ஆம் எண் நிலக்காட்சி அளவு என்று தயாராகவே விற்கப்பட்டது. வண்ணமும் கடையில் கிடைத்தது. 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்த வண்ணத்தோடு போராட வேண்டிய தொல்லை ஒழிந்தது.

வெளியில் வரைந்ததற்கு நேரடிச் சாட்சி வேறொரு ஓவியத்தில் இருக்கிறது. திருமணமான கோடையில் த்ரூவில் கடற்கரையில் கமீலை வைத்து மோனே வரைந்த ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதன் வண்ணத்துக்குள் மணல் துகள்களும் சிப்பித் துண்டுகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இளைப்பாறும் உருவத்தை மோனேயும் அக்கால ஓவியர்களும் ஏன் இவ்வளவு விரும்பினார்கள்?

வழக்கமாகச் சொல்லப்படும் விடை சமூகம் சார்ந்தது, அது சரியானதும்கூட. ரயில் வந்தது, நகர மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வெளியூர் போக முடிந்தது, புல்வெளியில் உட்காருவது ஒரு புதிய நாகரிகமானது. மூத்த ஓவியர் கூர்பே 1857இலேயே சேன் கரையில் படுத்திருக்கும் இரு பெண்களை வரைந்து சலசலப்பை உண்டாக்கினார். 1863இல் எதுவார் மனேயின் 'புல்வெளியில் மதிய உணவு' அதைவிடப் பெரிய கூச்சலைக் கிளப்பியது. அதற்குப் பதில் சொல்வது போல மோனேயும் 1865இல் அதே தலைப்பில், நான்கு மீட்டர் உயரத்துக்கு மேல் ஒரு பிரம்மாண்ட ஓவியத்தைத் தொடங்கி, முடிக்க முடியாமல் விட்டார். பின்னாளில் வாடகைக்கு ஈடாக அதை வீட்டுக்காரரிடம் கொடுக்க, ஈரத்தில் கெட்டுப்போனது. மீட்டெடுத்து, கெட்ட பகுதியை வெட்டியெறிந்தார். மிஞ்சிய துண்டுகள் ஓர்சேயில் உள்ளன.

ஆனால் வேலை சார்ந்த ஒரு காரணமும் இருக்கிறது; அதைப் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். வெயிலையும் நிழலையும் படிக்க விரும்பும் ஓவியருக்கு, அசையாத ஒரு பரப்பு வேண்டும். ஒளி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அது விழும் பொருளும் நகர்ந்தால் எதையும் பிடிக்க முடியாது. அமர்ந்து படிக்கும் பெண்ணின் விரிந்த வெள்ளைப் பாவாடை, அதற்கு இயற்கையே விரித்துக் கொடுத்த திரை.

அந்தத் திரையாக இருந்தவர் கமீல். ஓவியத்தில் ஓய்வாகத் தெரிவது அவருக்கு வேலை. கழுத்தைக் குனிந்தபடி, மடிப்புக் கலையாமல், வெயில் திட்டு கண்ணில் விழுந்தாலும் அசையாமல், கணவர் சரி என்று சொல்லும் வரை அமர்ந்திருக்க வேண்டும். கூலி இல்லாத வேலை. மோனேயின் தொடக்கக் காலச் சாதனைகளைப் பற்றி எழுதும்போது, கமீலை மாடல் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். 1866 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள், வெளிப்புற வெளிச்சத்தில் மனித உருவத்தை வரைய மோனே செய்த சோதனைகளில் பெரும்பாலானவை அவருடைய உடம்பின் மேல் நடந்தவை. 1868இல் பென்கூர் ஆற்றங்கரையில் மரத்தடியில் அமர்ந்திருப்பவர் அவர். 1875இல் குடை பிடித்துக் காற்றில் நிற்பவரும் அவர்.

உழைப்பவர்கள் இளைப்பாறும் ஓவியங்கள் இல்லையா?

இருக்கின்றன, அவற்றையும் பார்க்க வேண்டும். மோனேயின் நண்பரான ஓவியர் காமீய் பிசாரோ 1882இல் பொந்துவாஸில் புல்லில் படுத்திருக்கும் ஓர் இளம் குடியானவப் பெண்ணை வரைந்தார். ஓவியம் பிரேமனில் இருக்கிறது. வசதியான வீட்டுத் தோட்டமோ, புத்தகமோ, விரிந்த பாவாடையோ அதில் இல்லை. வயல் வேலைக்கு நடுவே கிடைத்த ஓய்வு அது. வான்கோ 1890 ஜனவரியில், சாந்-ரெமி மனநல விடுதியில் இருந்தபோது, குடியானவர்களை வரைந்த மூத்த ஓவியர் மில்லேயின் படத்தைப் பின்பற்றி 'மதிய ஓய்வு' என்ற ஓவியத்தை வரைந்தார். வைக்கோல் போரின் நிழலில் ஓர் ஆணும் பெண்ணும் அசந்து தூங்குகிறார்கள். செருப்பும் அரிவாளும் பக்கத்தில் கிடக்கின்றன.

இதே தோட்டத்தில் வரைந்த வேறு ஓவியங்கள் உண்டா?

உண்டு. கட்டாயம் சேர்த்துப் பார்க்க வேண்டிய இரண்டைச் சொல்கிறேன். லைலாக் புதர்களின் கீழே சிலர் இளைப்பாறும் ஒரே காட்சியை மோனே இரண்டு முறை வரைந்தார். மேகமூட்டமான நாளில் ஒன்று. அது ஓர்சேயில் உள்ளது. வெயில் நாளில் மற்றொன்று. அது மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாஸ்கோ துணி வணிகர் செர்கேய் ஷூகின் 1890களின் இறுதியில் வாங்கியது அது. அவர் வாங்கிய முதல் மோனேயும் அதுதான்.

மேகமூட்ட ஓவியத்தில் உருவங்கள் நிழலில் தெளிவாகத் தெரிகின்றன. வெயில் ஓவியத்தில் ஒளித் திட்டுகள் அவர்களை உடைத்துப் போட்டு, மனிதர் எங்கே முடிகிறார், புல் எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாமல் செய்துவிடுகின்றன. ஒரே இடத்தை வேறு வேறு வெளிச்சத்தில் வரைவது என்றதும் வைக்கோல் போர்கள், ரூவான் தேவாலயம் என 1890களின் தொடர்களைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். அந்த எண்ணத்தின் முளை இருபது ஆண்டு முன்பே இந்த லைலாக் புதரடியில் இருந்திருக்கிறது.

பெர்த் மொரிசோவின் 'வாசிப்பு' ஓவியத்தோடு இதை ஒப்பிடுவது ஏன்?

பொருள் ஒன்று, ஆண்டும் ஏறத்தாழ ஒன்று. இம்ப்ரெஷனிச ஓவியரான மொரிசோ 1873இல் தன் அக்கா எத்மா புல்வெளியில் அமர்ந்து படிப்பதை வரைந்தார். 1874இல் நடந்த முதல் இம்ப்ரெஷனிசக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. இப்போது அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இருக்கிறது. எத்மாவின் அருகே ஒரு பச்சைக் குடையும் விரித்த விசிறியும் புல்லில் கிடக்கின்றன. பின்னால் வயல்வெளி திறந்திருக்கிறது. மோனேயின் இலைக்கூரை அங்கே இல்லை.

எத்மாவும் ஓவியர். தங்கையோடு சேர்ந்து கற்றவர், சலோனில் இடம்பெற்றவர். 1869இல் கடற்படை அதிகாரி ஒருவரை மணந்த பிறகு தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். தங்கை தொடர்ந்தார். அந்த இரு பெண்களுக்கும் நடுவே என்ன ஓடியிருக்கும் என்ற எண்ணம் வராமல் அந்த ஓவியத்தைப் பார்க்க என்னால் முடிவதில்லை. மோனேயின் ஓவியம் வெளிச்சத்தைத் தேடுகிறது. மொரிசோவின் ஓவியத்தில் ஒரு மனுஷியைப் பற்றிய அறிவு கூடுதலாக இருக்கிறது. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், வெளிச்சத்துக்கு மோனே, அமர்ந்திருப்பவருக்கு மொரிசோ என்பேன்.

மோனே, மனே இருவரும் ஒருவரா?

இருவர். எதுவார் மனே எட்டு வயது மூத்தவர். 'புல்வெளியில் மதிய உணவு' அவருடையது. இருவரும் நண்பர்கள். 1874 கோடையில் அர்ஜான்தேய் தோட்டத்தில் புல்லில் கமீலும் ழானும் அமர்ந்திருக்க, மனே அவர்களை வரைந்தார். பக்கத்திலேயே ரெனுவாரும் அதே காட்சியை வரைந்தார். முதலாவது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இரண்டாவது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலும் உள்ளன. அன்றும் கமீல் அசையாமல் உட்கார்ந்திருந்தார், இரண்டு ஓவியர்களுக்காக.

ஓவியம் அமெரிக்காவுக்கு எப்படிப் போனது?

பாரிஸில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் மேரி கசாட்டிடம் இது இருந்தது. இம்ப்ரெஷனிஸ்டுகளோடு சேர்ந்து தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்த அவர், தன் நாட்டுச் செல்வந்தர்களை இந்த ஓவியங்களை வாங்க வைத்ததிலும் பெரும் பங்கு வகித்தார். பால்டிமோரின் ரயில்வே அதிபர் ஹென்றி வால்டர்ஸ் 1903இல் அவரிடமிருந்து இதை வாங்கினார். வால்டர்ஸ் 1931இல் இறந்தபோது, தந்தையும் தானும் சேர்த்த 22,000க்கும் மேற்பட்ட கலைப்பொருட்களைப் பால்டிமோர் நகருக்கே எழுதிவைத்துவிட்டார். அதில் இதுவும் சேர்ந்தது.

இன்று எங்கே பார்க்கலாம்? இணையத்தில் நல்ல படம் கிடைக்குமா?

பால்டிமோரின் வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில். 2006 முதல் அங்கே பொது அனுமதி இலவசம். ஓவியங்கள் பழுதுபார்க்கவோ வேறு கண்காட்சிக்கோ அனுப்பப்படுவது உண்டு என்பதால், போவதற்கு முன் இது சுவரில் இருக்கிறதா என்று அருங்காட்சியகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

அங்கே போக முடியாதவர்களுக்கும் வழி உண்டு. பதிப்புரிமை தடையில்லாத தன் சேகரிப்பின் படங்களை அந்த அருங்காட்சியகம் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி விட்டிருக்கிறது. பெரிய அளவுப் படத்தைப் பதிவிறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், வகுப்பில் காட்டலாம். அச்சிடுவதாக இருந்தால் உண்மையான அளவிலேயே, அதாவது 65.5க்கு 50 சென்டிமீட்டரில் அச்சிடுங்கள். கைபேசித் திரையில் வண்ணத் திட்டுகள் சுருங்கி, சாதாரண வழவழப்பான படம் போலத் தெரிந்து ஏமாற்றிவிடும்.

திரையில் பார்ப்பவர்கள் முதலில் முழு ஓவியத்தையும் ஒரு நிமிடமாவது பார்த்துவிட்டு, பிறகு பாவாடையின் கீழ் ஓரத்தைப் பெரிதாக்குங்கள். துணியும் புல்லும் சந்திக்கும் இடம் அது. பச்சை எங்கே துணிக்குள் ஏறியிருக்கிறது, இளஞ்சிவப்பு எங்கே புல்லில் சிந்தியிருக்கிறது என்று தேடுங்கள். அதன்பின் ஓர்சேயின் மேகமூட்ட லைலாக்கைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அதே ஆளின் கை வெயில் இல்லாத நாளில் பச்சையை எப்படிக் கையாண்டிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.